இறைவன் உத்தரவு

இறைவனின் திருவுள்ளத்தை அறிய அடியார்கள் நாடிய வழிகளுக்குத் தமிழகத்தில் பழமையான சான்றுகள் உண்டு.

முதல் வழி கனவு. பண்ருட்டியை அடுத்த திருவாமூரில் பிறந்த திருநாவுக்கரசர் சமணத்தைத் தழுவியபோது, தமக்கை திலகவதியார் திருவதிகை வீரட்டானத்தில் தொண்டு செய்து இறைவனிடம் முறையிட்டார். சூலைநோய் தந்து தம்பியை ஆட்கொள்வதாக ஈசன் கனவில் உணர்த்தியதைப் பெரியபுராணம் சொல்கிறது. வலியால் துடித்து வந்த தம்பிக்குத் திலகவதியார் திருநீறு அளித்தார். விடியுமுன் அலகும் மெழுக்கும் தோண்டியும் எடுத்துக்கொண்டு கோயில்பணிக்குப் புறப்பட்டபோது அவரையும் அழைத்துச் சென்றார்.

அடுத்தது அசரீரி. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தை இயற்றச் சிதம்பரத்தில் வேண்டி நின்றபோது, முதற்சொல் அசரீரியாகக் கிடைத்தது என்பது மரபு.

இன்றும் வழக்கில் இருப்பது பூக்கட்டிப் பார்த்தல். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சன்னதியில் வைப்பார்கள். விவரம் அறியாத குழந்தை ஒன்றை எடுக்கும். நினைத்த பூ வந்தால் உத்தரவு கிடைத்ததாகப் பொருள். கல்யாணம், வீடு கட்டுதல் போன்றவற்றுக்கு இப்படிக் கேட்பதுண்டு. காங்கேயம் அருகே சிவன்மலைக் கோயிலில், பக்தர் கனவில் வந்த பொருளையும் பூப்போட்டு உறுதிசெய்த பிறகே ‘ஆண்டவன் உத்தரவு’ எனப்படும் பெட்டியில் வைக்கிறார்கள்.

கனவில் வாக்குக் கிடைத்த பிறகும் திலகவதியார் தொண்டை நிறுத்தவில்லை. உத்தரவு கேட்பவர் தம் கடமையையும் விடக்கூடாது என்பதே அவர் வாழ்க்கை காட்டும் நெறி.