இசட்51-ஐ டிக் செய்வதா, வேண்டாமா?

வேகத்தின் வரலாறு – 19

2019 ஜூலை 18 அன்று கலிபோர்னியாவின் டஸ்டின் நகரில் செவர்லே தன் எட்டாம் தலைமுறை கார்வெட்டை மேடையேற்றியது. சுருக்கமாக சி8. 1953 முதல் பானெட்டுக்கு அடியிலேயே குடியிருந்த எஞ்சின், இந்த முறை ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. அடிப்படை விலை 60,000 டாலருக்குள்தான் இருக்கும் என்று மேடையில் சொன்னபோது அரங்கம் ஆர்ப்பரித்தது. பிறகு வெளியான விலை 59,995 டாலர். இதே அமைப்புள்ள இத்தாலிய கார்கள் அன்றைக்கு இதைப்போல மூன்று, நான்கு மடங்கு விலைக்கு விற்றுக்கொண்டிருந்தன.

ஆனால் அந்த விலை ஒரு தொடக்கம்தான். அதற்குப் பிறகு ஆப்ஷன் பட்டியல் வருகிறது. முதல் வருட மாடலுக்கு மட்டும் 12 வெளிநிறங்கள், 6 உள்நிறங்கள், 6 நிறங்களில் சீட் பெல்ட், 3 வகை சீட்டுகள். இது போக சஸ்பென்ஷன், சைலென்ஸர், பிரேக், சக்கரம் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் எது காரையே மாற்றுகிறது, எது காரின் தோற்றத்தை மட்டும் மாற்றுகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் வாங்குபவர், பத்தாயிரம் டாலரைச் செலவழித்துவிட்டு அதே காரைத்தான் ஓட்டிக்கொண்டிருப்பார். நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த பிறகு பொருத்த முடியாதது எதுவோ, அதற்குத்தான் முதல் பணம்.

கார்வெட்டின் ஆப்ஷன் பட்டியலுக்கு ஒரு கௌரவமான பூர்வீகம் உண்டு. கார்வெட்டின் எஞ்சினியர் ஸோரா ஆர்க்கஸ்-டண்டோவ் அதில் பெரும் பங்கு வகித்தவர். 1957-இல் அமெரிக்க கார் நிறுவனங்கள் பந்தயங்களிலிருந்து விலகிக்கொள்வதாகக் கூடி முடிவெடுத்தன. கம்பெனி பந்தயக் கார் செய்யக்கூடாது. சரி, வாடிக்கையாளர் வாங்கும் காரிலேயே பந்தயத்துக்கு வேண்டியதைப் பொருத்திக் கொடுத்தால் யார் தடுக்க முடியும்? 1963-இல் இசட்06 என்ற குறியீடு அப்படித்தான் பிறந்தது. பெரிய பிரேக், முரட்டு சஸ்பென்ஷன், நீண்ட பந்தயங்களுக்கான 36.5 காலன் பெட்ரோல் டேங்க். அந்த வருடம் 199 பேர் மட்டுமே அந்தக் குறியீட்டைக் கேட்டு வாங்கினார்கள்.

1967-இல் வந்த எல்88 இன்னும் தீவிரம். அந்த எஞ்சினைக் கேட்டால் ரேடியோ கிடையாது, ஹீட்டரும் கிடையாது. சாதாரண வாடிக்கையாளர் தவறிப்போய்க்கூட அதைக் கேட்டுவிடக்கூடாது என்பதற்காக, அதன் சக்தியை 430 ஹெச்.பி என்று குறைத்தே அச்சிட்டார்கள். உண்மையில் 500-ஐத் தாண்டும். ஆயிரம் டாலருக்கும் குறைவான அந்த ஆப்ஷனை அந்த வருடம் வாங்கியவர்கள் 20 பேர். அவற்றில் ஒரு கார் 2014-இல் 38.5 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஆக, இந்தப் பட்டியலை அலங்காரச் சாமான் கடையின் விலைப்பட்டியலாக நினைத்துப் படிக்கக்கூடாது. எஞ்சினியர்கள் வாங்குபவரிடம் நேரடியாகப் பேசும் இடம் அது.

ஸோராவின் இன்னொரு கனவு எஞ்சினை நடுவில் வைப்பது. 1960-இல் செர்வ்-1 என்ற சோதனைக் காரில் அதைச் செய்தும் காட்டினார். விற்பனைக்கு வரும் காரில் மட்டும் நிர்வாகம் கடைசிவரை சம்மதிக்கவில்லை. 1975-இல் ஓய்வுபெற்று, 1996-இல் மறைந்தார். சி8 அவருக்குப் பிறகு 23 ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது.

எஞ்சின் இடம் மாறியதால் என்ன நடந்தது? எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் பின்சக்கரங்களின் மேல் விழுகிறது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் டயர் வீணாகச் சுழலாமல் சாலையைப் பிடித்துக்கொண்டு தள்ளுகிறது. ஓட்டுபவரின் இருக்கை முந்தைய மாடலைவிட 42 சென்டிமீட்டர் முன்னால் நகர்ந்து, ஏறக்குறைய முன்சக்கரங்களுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் மூக்கு உடனே திரும்புகிறது. இவ்வளவும் அந்த 59,995 டாலர் காரிலேயே இருந்தது. 6.2 லிட்டர் வி8 எஞ்சின், 490 ஹெச்.பி, எட்டு கியர் டூயல் கிளட்ச் என எதற்கும் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. எவ்வளவு காசு கொடுத்தாலும் கிடைக்காத ஒன்றும் உண்டு: மேனுவல் கியர். எனக்கு அதில் வருத்தம்தான்.

இப்போது இசட்51-க்கு வருவோம். 1984-இல் முதலில் வந்த ஆப்ஷன் தொகுப்பின் குறியீடு இது. சி8-இல் 2020 விலைப்படி 5,000 டாலர். அதற்கு என்னென்ன கிடைக்கிறது? பெரிய பிரேக் டிஸ்க்குகள், அவற்றைக் குளிர்விக்கக் காற்று வழிகள். இரண்டு ரேடியேட்டர்களோடு மூன்றாவதாக, காரின் பின்பக்கத்தில் ஒரு ரேடியேட்டர். மெக்கானிக்கல் டிஃபரன்ஷியலுக்குப் பதிலாக, இரண்டு பின்சக்கரங்களுக்கும் போகும் விசையைக் கணத்துக்குக் கணம் கணினி பங்கிட்டுத் தரும் எலெக்ட்ரானிக் டிஃபரன்ஷியல். முறுக்கான கியர் விகிதம், விறைப்பான சஸ்பென்ஷன், 5 ஹெச்.பி கூடுதலாகத் தரும் சைலென்ஸர், கோடைக்கால டயர்கள், முன்னால் ஸ்ப்ளிட்டர், பின்னால் ஸ்பாய்லர்.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. இசட்51 இல்லாத காரின் உச்ச வேகம் மணிக்கு 312 கிலோமீட்டர். இசட்51 வாங்கினால் 296. ஐயாயிரம் டாலர் கூடுதலாகக் கொடுத்தவரின் கார் மெதுவாக ஓடுகிறது! காரணம் அந்த ஸ்பாய்லரும் ஸ்ப்ளிட்டரும்தான். வேகத்தில் அவை காரைச் சுமார் 180 கிலோ விசையோடு தரையில் அழுத்துகின்றன. அந்த அழுத்தத்துக்குக் காற்றின் எதிர்ப்பைத்தான் விலையாகக் கொடுக்க வேண்டும். நேர்க்கோட்டு வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வளைவுகளில் பிடிப்பை வாங்குகிறோம். இந்தப் பேரம் உங்களுக்குப் பிடித்திருந்தால் இசட்51 உங்களுக்கானது. மூன்றாவது ரேடியேட்டரையும் அந்த டிஃபரன்ஷியலையும் பிற்பாடு தனியாக வாங்கிப் பொருத்துவது நடைமுறையில் ஆகாத காரியம் என்பதையும் மறக்க வேண்டாம். என் அளவுகோலில் இது முதல் வரிசை.

டயர் மட்டும் வேறு கதை. இசட்51-உடன் வரும் மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் வெயில் காலத்தில் அருமையாக ஒட்டும். ஆனால் மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே அந்த ரப்பர் விரிசல் விடக்கூடும். குளிரில் ஓட்டவே கூடாது. அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் இருப்பவர்கள் இதை யோசிக்காமல் வாங்கிவிட்டு, மூன்று நான்கு மாதம் காரை ஷெட்டில் பூட்டி வைக்கிறார்கள். சாதாரண சி8-இல் வரும் ஆல்-சீசன் டயரும் அதே அளவுதான். டயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். டயருக்குப் பயந்து இசட்51-ஐ விடவும் வேண்டாம், டயருக்காக மட்டும் அதை வாங்கவும் வேண்டாம்.

அடுத்தது காந்த சஸ்பென்ஷன். ஷாக் அப்ஸார்பருக்குள் இருக்கும் எண்ணெயில் நுண்ணிய இரும்புத் துகள்கள் கலந்திருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் துகள்கள் வரிசைகட்டி நின்று எண்ணெயை இறுக்கிவிடும், நிறுத்தினால் நெகிழ்ந்துவிடும். இது நொடியில் ஆயிரத்தில் சில பங்குக்குள் நடக்கிறது. மேடுபள்ளமான சாலையில் மென்மை, வளைவில் விறைப்பு என்று ஒரே கார் இரண்டு குணத்தையும் காட்டும். முதல் வருடம் இசட்51 வாங்கியவர்களுக்கு மட்டுமே, 1,895 டாலருக்கு, இதைக் கொடுத்தார்கள். 2021 மாடலிலிருந்து இசட்51 இல்லாமலும் கிடைத்தது. தினமும் ஓட்டுபவருக்கு இதைவிடப் பயனுள்ள செலவு குறைவு. ஆனால் ஒரு செலவு இருக்கிறது.

அது முன்பக்கத்தைத் தூக்கும் வசதி. 2020-இல் 1,495 டாலர். பொத்தானை அழுத்தினால் மூன்று நொடிக்குள் காரின் மூக்கு 40 மில்லிமீட்டர் உயரும். மணிக்கு 39 கிலோமீட்டர் வேகம் வரை ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்யலாம். வேகத்தடை, பெட்ரோல் பங்க் வாசலின் ஏற்றம், வீட்டு முகப்பின் சரிவு என எங்கெல்லாம் காரின் தாடை இடிக்குமோ அந்த இடங்களை ஜி.பி.எஸ் மூலம் நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை தானாகவே தூக்கிக்கொள்ளும். ஆயிரம் இடங்கள் வரை ஞாபகம் வைக்கும். 40 மில்லிமீட்டர் கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் தாழ்வான ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டுபவரின் அன்றாடக் கவலையே அந்த 40 மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு மேட்டிலும் பல்லைக் கடித்துக்கொண்டு குறுக்காக ஏறி இறங்கும் மனிதர், சீக்கிரமே காரை வெளியே எடுப்பதைக் குறைத்துவிடுவார். வாங்கிய காரை ஓட்டாமல் வைத்திருப்பதுதான் ஸ்போர்ட்ஸ் காருக்கு நேரும் பெரிய துயரம். இதையும் பிறகு பொருத்திக்கொள்வது எளிதல்ல.

அடுத்து, உள்வசதிகள். அவற்றில் 1எல்டி, 2எல்டி, 3எல்டி என்று மூன்று படிகள். 2எல்டி-க்கு ஏற 2020-இல் 7,300 டாலர். சூடாகவும் குளிர்ச்சியாகவும் மாறும் சீட்டுகளும் 14 ஸ்பீக்கர்களும் அதில் வருகின்றன என்பதற்காக நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. மிட்-எஞ்சின் காரில் பின்பார்வை மோசம். தலைக்குப் பின்னால் எஞ்சின், பக்கவாட்டில் தடித்த தூண்கள். 2எல்டி-இல் வரும் கேமரா கண்ணாடி, பக்கத்தில் மறைந்து வரும் வண்டியைச் சொல்லும் எச்சரிக்கை, முன்முனையைக் காட்டும் கேமராக்கள் ஆகியவை அந்தக் குறையை ஈடுகட்டுகின்றன. நெடுஞ்சாலையில் லேன் மாறும் ஒவ்வொரு முறையும் அந்தப் பணம் வேலை செய்கிறது. 3எல்டி தோல் மேல் தோல், அழகுதான், அவசியமில்லை.

சீட்டைப் பற்றி என்னால் சொல்ல முடிவது ஒன்றுதான்: உட்காராமல் முடிவெடுக்காதீர்கள். காம்பெடிஷன் ஸ்போர்ட் சீட் ரேஸ் டிராக்கில் உடம்பை இறுகப் பிடித்துக்கொள்ளும். அகன்ற உடம்புக்காரருக்கு அதே பிடிப்பு ஒரு மணி நேரத்தில் வேதனை. நடுவாந்தர ஜிடி2 பெரும்பாலோருக்குப் பொருந்தும். எஞ்சினைச் சுற்றி விளக்கும் கார்பன் ஃபைபரும் போடும் ஆப்ஷன் (2020-இல் 995 டாலர்), நிறநிறமான சீட் பெல்ட், காலிப்பர் பெயிண்ட், சக்கர டிசைன் எல்லாம் ஆசைக்குரியவை, அவசரமில்லை.

கூரை மடங்கும் கன்வர்ட்டபிளுக்கு 2020-இல் 7,500 டாலர் கூடுதல். 16 நொடியில் மடங்கும். அதற்கு ஈடாக, பின்கண்ணாடி வழியே எஞ்சினைப் பார்க்கும் சுகம் போய்விடும். கூப்பேயிலும் கூரைப் பலகையைக் கையால் கழற்றிப் பின்டிக்கியில் வைக்கலாம்; வைத்தால் டிக்கியில் வேறு சாமானுக்கு இடமிருக்காது. அந்த டிக்கி எஞ்சினுக்கும் சைலென்ஸருக்கும் பக்கத்தில் இருப்பதால் சூடேறும். சாக்லேட்டும் மருந்தும் முன்டிக்கிக்கு.

ஆர்டர் கொடுத்த பிறகு காத்திருப்பு. 2019 செப்டம்பரில் தொழிலாளர் வேலைநிறுத்தம், 2020 மார்ச்சில் கொரோனா என்று சி8-இன் முதல் வருடம் தடுமாறியது. தேவை அதிகம், கார் குறைவு. டீலர்கள் பலர் அச்சிட்ட விலைக்கு மேலே கேட்டார்கள். ஆப்ஷனுக்குப் போக வேண்டிய பணத்தை அந்தக் கூடுதலில் கொட்டாமல், அச்சு விலைக்குத் தரும் டீலரிடம் வரிசையில் நிற்பதே மேல். காத்திருக்கத் தயாரானவர்களுக்கு ஒரு நல்ல ஆப்ஷனும் இருக்கிறது: ஆர்8சி. கெண்டக்கி மாநிலம் பௌலிங் கிரீனில் கார் தயாராகும் தொழிற்சாலைக்கு அருகிலேயே கார்வெட் அருங்காட்சியகம் இருக்கிறது. உங்கள் காரை அங்கே உங்கள் பெயரோடு காட்சிக்கு வைத்து, சுற்றிக் காட்டி, கையில் சாவி கொடுப்பார்கள். மேலே சொன்ன அளவுகோலின்படி இதுவும் பிறகு பெற முடியாத ஒன்று.

வீட்டுக்கு வந்த காருக்குப் பொறுமை தேவை. முதல் 500 மைலுக்கு முழு ஆக்சிலேட்டர் கூடாது. 1,500 மைல் ஆகும்வரை ரேஸ் டிராக் கூடாது. 2020 மாடலில் 7,500 மைலில் கியர்பாக்ஸ் ஃபில்டரை மாற்ற வேண்டியிருந்தது. எஞ்சினின் பெல்ட்டுகள் இருக்கும் முகம் இப்போது சீட்டுகளின் முதுகைப் பார்த்து இருக்கிறது. பானெட்டைத் திறந்து தானே கைவைத்துப் பழகிய பழைய கார்வெட் உரிமையாளருக்கு இதில் பல வேலைகள் எட்டாது. எனவே சி8-ஐத் தொட்டுப் பழகிய மெக்கானிக் உள்ள டீலர் பக்கத்தில் இருக்கிறாரா என்று காரை ஆர்டர் செய்வதற்கு முன்பே விசாரித்துவிட வேண்டும்.

கடைசியாக, என் தேர்வு. 2எல்டி, ஜிடி2 சீட், முன்தூக்கி, காந்த சஸ்பென்ஷன். வருடத்துக்கு ஒரு முறையேனும் ரேஸ் டிராக்குக்குப் போகிறவர் என்றால் இசட்51-ஐ யோசிக்காமல் டிக் செய்யுங்கள். போகப்போவதில்லை என்றால், 2020-இல் 1,195 டாலராக இருந்த சைலென்ஸரை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்தை டயருக்கும் பெட்ரோலுக்கும் எடுத்து வையுங்கள்.

(தொடரும்)