மக்காச்சோளத்திற்குப் பட்டமும் பதமும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கரிசல் நிலங்களிலே பருத்திக்கு ஈடாக இன்று பரந்து நிற்கும் பயிர் மக்காச்சோளமாகும். விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் மானாவாரிக் கரிசலிலும் இதற்குச் செல்வாக்கு மிகுந்துள்ளது. நாமக்கல் வட்டாரத்துக் கோழிப்பண்ணைகளின் தீவனத் தேவையே இதற்குப் பெருங்காரணம். நெசவாளர் அங்கத்தினர்க்கும் இப்பயிர் அந்நியமன்று; ஆலைகளிலே பாவு நூலுக்கு விறைப்பேற்ற இடும் கஞ்சி மாவு வகைகளுள் மக்காச்சோள மாவும் ஒன்று.

பயிர்த்தொழில் நிபுணர்கள் எழுத வேண்டிய பொருளைக் கூட்டுறவு ஆய்வாளர் எழுதுவானேன் என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். நாம் ஆய்வுக்குச் செல்லும் சங்கங்களிலே பயிர்க்கடன் பேரேட்டைப் புரட்டும்போது, தவணை தவறிய கணக்குகள் பலவற்றில் ஓர் ஒற்றுமை புலப்படுகிறது. அவ்வங்கத்தினர் சோம்பேறிகளும் அல்லர். கடனை வேறு வழியில் செலவிட்டவரும் அல்லர். ஐப்பசிக் கடைசியிலோ கார்த்திகையிலோ விதைத்தவர்கள். குறித்த தவணைக்குள் கடனைத் திருப்பிச் செலுத்துவோர்க்குப் பயிர்க்கடனுக்கு வட்டியில்லை என்னும் சலுகை நம் மாநிலத்தில் உண்டு. தவணை தவறினால் அச்சலுகையும் போய்விடும். விளைச்சலும் போய், வட்டியும் ஏறி, மறு ஆண்டுக் கடனும் தடைப்படும் நிலைக்கு, விதைத்த தேதியும் ஒரு காரணமாக நிற்கிறது.

இங்கு நாம் பேசுவது மானாவாரி மக்காச்சோளத்தைப் பற்றியே. இறவையில் ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் உண்டு. கிணறு கைகொடுக்கும்வரை அவற்றுக்குத் தனிக்கணக்கு. “ஆடிப்பட்டம் தேடி விதை” என்னும் பழமொழியை மானாவாரிக் கரிசலுக்கு அப்படியே பொருத்துதல் தகாது. நம் வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20-ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி, டிசம்பர் வரை பெய்வது. அதற்கு முன்னர் ஆவணி, புரட்டாசியில் மாலை வேளைகளில் இடிமழை சில கிடைக்கும். இவ்விரண்டையும் பயிரின் வாழ்நாளோடு பொருத்திப் பார்ப்பதே பட்டம் பார்த்தல்.

பட்டத்தை விதைப்பிலிருந்து எண்ணாமல், பூப்பிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும் என்பது நம் கருத்து. இதன் காரணத்தைச் சற்று விரிவாகவே கூறுவோம். இன்று பெரும்பாலும் பயிரிடப்படும் வீரிய ஒட்டு இரகங்கள் 100 முதல் 110 நாட்களில் முற்றுவன. விதைத்த 50 முதல் 60 நாட்களுக்குள் உச்சியில் ஆண்பூங்கொத்து விரியும். இடையில் கதிர் தோன்றி, அதன் நுனியில் பட்டிழைகள் தொங்கும். ஒவ்வோர் இழையும் கதிரிலுள்ள ஒரே ஒரு மணிக்கு உரியது. மகரந்தம் படாத இழையின் அடியில் மணி பிடிப்பதில்லை. நிலத்தில் ஈரம் குறைந்தால் ஆண்பூ ஏறக்குறைய உரிய காலத்திலேயே விரிந்து மகரந்தத்தை உதிர்த்துவிடும்; பட்டிழையோ நாட்கடந்து வெளிவரும். இழை வரும்போது மகரந்தம் இராது. அறுவடையின்போது தோகையை உரித்தால், நுனி வெறுமையாய், இடையிடையே பல் விழுந்த வாய்போல் காணப்படும் கதிர்கள் இவ்விதம் உண்டானவையே. முளைத்த முதல் மாதத்தில் ஓரளவு வாடினாலும் மக்காச்சோளம் தேறிக்கொள்ளும். பூக்கும் நாட்களில் வாடினால் அவ்விழப்பைப் பின்னர் பெய்யும் எம்மழையும் ஈடுசெய்யாது.

இனிக் கணக்கிடுவோம். அக்டோபர் 5-ஆம் தேதி விதைத்தால் நவம்பர் இறுதியில் பூக்கும். கார்த்திகை மழை நிலத்திலிருக்கும். பொங்கலை ஒட்டிக் கதிர் முற்றும். வெயிலில் காயவைக்கவும் தடையில்லை. நவம்பர் 10-ஆம் தேதி விதைத்தாலோ பூப்பது ஜனவரி முதல் வாரத்தில். மார்கழியில் பனி உண்டு, மழை அரிது. ஐந்து வாரத் தாமதம் கதிரைப் பாதியாக்கிவிடக் கூடும்.

முந்தி விதைப்போர்க்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆகஸ்டு நடுவில் கிடைத்த ஒரு மழையை நம்பி விதைத்தால், நவம்பர் இறுதியில், மழை கொட்டும் நாட்களில் கதிர் முற்றி நிற்கும். ஈரக்கதிரில் பூஞ்சணம் பிடிக்கும். கோழித்தீவன வியாபாரிகள் அஞ்சும் அஃப்ளடாக்ஸின் நஞ்சு இப்பூஞ்சணத்தால் விளைவதே. மணியின் ஈரம் 14 விழுக்காட்டிற்கு மேற்பட்டால் மூட்டையில் வைத்திருக்கலாகாது. மழைக்காலத்தில் அதைக் குறைக்கக் களமும் இல்லை, வெயிலும் இல்லை. ஆதலின் புரட்டாசி பிறந்தது முதல் அம்மாதத்தின் முக்கால் பங்கு கழியும்வரை, அதாவது செப்டம்பர் 20 முதல் அக்டோபர் 10 வரை, மானாவாரிக் கரிசலுக்கு ஏற்ற பட்டம் என்று கொள்வது பொருந்தும். ஓரிரு நாள் இப்பாலோ அப்பாலோ ஆவதில் குடி முழுகிவிடாது.

பட்டம் வாய்த்தும் பதம் வாய்க்காமல் கெட்ட நிலங்களும் உண்டு. அமெரிக்க நாட்டின் அயோவா மாநிலத்து உழவர்கள், மண்ணின் வெப்பம் 10 பாகை செல்சியஸை எட்டும்வரை விதைக்காமல் காத்திருப்பர்; அதற்குக் குறைந்த குளிரில் விதை முளைக்காமல் மண்ணிலேயே அழுகும். கல்லூரிப் பாடப் புத்தகங்களில் நாமும் இதனைப் படித்ததுண்டு. நம் கரிசலுக்கு அக்கவலை இல்லை. இங்கே பார்க்க வேண்டியது ஈரம் ஒன்றே. அதுவும் கூடினும் குறையினும் கேடு.

இதற்குக் கருவி வேண்டுவதில்லை. விதை விழும் ஆழத்தில், நான்கு விரற்கடை கீழேயிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுகப் பிடிக்க வேண்டும். உருண்டையாகி, கட்டைவிரலால் அழுத்தியதும் பொலபொலவென்று உடைந்தால் பதம் சரி. உருண்டையே பிடிக்காமல் புழுதியாய் உதிர்ந்தால் ஈரம் போதாது. விரலிடையில் நாடாப்போல் வழிந்து கையில் ஒட்டிக்கொண்டால் அன்று ஏரையோ டிராக்டரையோ நிலத்தில் இறக்கலாகாது. ஈரக் கரிசலில் டிராக்டர் ஓடினால் சக்கரத் தடம் செங்கல்லாய் இறுகும். கொழு சென்ற சாலின் இருபக்கமும் மெழுகினாற்போல் அடைபடும். விதை முளைக்கும், ஆனால் வேர் அச்சுவரைத் துளைக்க மாட்டாமல் சாலுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். பின்னர் பத்து நாள் மழை நின்றாலே, பக்கத்து நிலம் பசுமையாயிருக்க, இந்நிலம் வாடும். அதிகாலையில் தெருவிலே பாவை விரித்துக் கஞ்சி தோய்க்கும் நெசவாளர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மூட்டமான நாளில் அவசரப்பட்டுத் தோய்த்த பாவு, தறியில் ஏறிய பின்னர் இழைக்கு இழை அறுந்து தொல்லை தருவதை அவர்கள் அறிவர்.

நீர் தேங்குதலும் இப்பயிருக்குப் பகை. நெல்லைப்போல் மக்காச்சோளம் தண்ணீரில் நிற்காது. ஐந்தாறு இலை விடும்வரை அதன் வளரும் முனை மண்ணுக்கு அடியிலேயே இருக்கிறது. அப்பருவத்தில் இரண்டு நாள் நீர் தேங்கினால் இளம்பயிர் மூச்சடைத்து மடிந்துவிடும். ஆகவே தாழ்ந்த மூலையிலிருந்து ஒரு வடிகால் வெட்டிவிட்டே விதைப்பைத் தொடங்க வேண்டும். கோடை உழவு செய்த நிலம் மழையை உள்வாங்கும். செய்யாத நிலத்தில் ஓடும் தண்ணீர் மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு போகும்.

மழைக்கு முன்னரே புழுதியில் விதைக்கும் வழக்கம் தென்மாவட்டக் கரிசலில் உண்டு. 1901-ல் நிறுவப்பெற்ற கோவிற்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இம்முன்பருவ விதைப்பைக் குறித்து நெடுங்காலம் ஆராய்ந்து வந்துள்ளது. விதையைச் சற்று ஆழமாக, ஏறக்குறைய 5 செண்டிமீட்டரில் இடுவது இதன் சூட்சுமம். சிறு தூறல் அவ்வாழத்தை எட்டாது. நல்ல நனைமழை பெய்த பின்னரே முளை கிளம்பும். மேலாக விதைத்தால் முதல் தூறலில் முளைத்து, அடுத்த வெயிலில் கருகும். விதைக்கு இருமுறை பணம் செலவாவது இதனால்தான்.

இனி, ஒருவர் தனியே பட்டம் பார்த்துப் பயன் அடைய முடியாத நிலைமை ஒன்று நேர்ந்துள்ளதைக் கூறுவோம். 2018-ஆம் ஆண்டு மே மாதம் கருநாடகத்திலே, இந்தியாவில் முதன்முறையாகப் படைப்புழு கண்டறியப்பட்டது. அவ்வாண்டுப் பருவத்திலேயே நம் மக்காச்சோள மாவட்டங்களைச் சூறையாடியது. இப்புழு குருத்துக்குள் புகுந்து மறைந்து தின்பது. மருந்து எளிதில் எட்டாது. ஓர் ஊரில் ஒருவர் செப்டம்பரிலும், மற்றவர் அக்டோபரிலும், வேறொருவர் நவம்பரிலும் விதைத்தால், முதல் நிலத்தில் பெருகிய அந்துப்பூச்சிகள் அடுத்தடுத்த இளம்பயிரில் முட்டையிட்டுக்கொண்டே செல்லும். கடைசியாக விதைத்தவர் ஊர்ப்புழு அனைத்திற்கும் விருந்திடுவார். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்பிண்ணாக்கு இடுவதும், இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதும் வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பவையே. எனினும் ஓர் ஊரின் நிலங்கள் அனைத்தும் இரு வாரத்திற்குள் விதைக்கப்படாவிடில் இவற்றின் பயன் குறைந்துபோகும்.

இவ்விடத்தில் பொறுப்பு சங்கத்தின்மேல் வருகிறது. ஒரு சங்கத்தில் தவணை தவறிய முதியவர் ஒருவரிடம், ஏன் இவ்வளவு பிந்தி விதைத்தீர்கள் என்று கேட்டோம். “உரம் ஐப்பசிக் கடைசியிலதானே வந்துச்சுங்க. அப்புறம் நான் எப்ப விதைக்கிறது, ஐயா?” என்றார். செயலாளர் தலையைக் குனிந்துகொண்டார். மணிச்சத்து முழுவதையும் அடியுரமாக இட வேண்டிய பயிருக்கு, விதைப்புக்குப் பின் வரும் மூட்டையால் என்ன பயன்? ஏக்கருக்கு 8 கிலோ விதை. உரத்தின் அளவு மண் பரிசோதனைப்படி. அங்கத்தினரின் பரப்பைக் கொண்டு இவற்றைக் கணக்கிடுவது அரைநாள் வேலை. ஆடி மாதக் கூட்டத்திலேயே நிர்வாகக் குழுவினர் பரப்பைக் கேட்டு எழுதி, தேவைப்பட்டியலை அனுப்பிவிட்டால், ஆவணி முடிவதற்குள் சரக்கு கிடங்கில் இருக்கும். கடன் மனுக்களையும் அப்போதே பெற்றுக்கொள்ளலாம். சிட்டா, அடங்கல் நகல்களுக்காக அங்கத்தினர் அலையும் நாட்கள், விதைக்க வேண்டிய நாட்களாக இருத்தல் கூடாது.

மழை பிந்தியதாலோ, பதம் தவறியதாலோ அக்டோபர் கழிந்துவிட்டால், மக்காச்சோளத்தை அவ்வாண்டுக்கு மறந்துவிடுவதே நலம். கரிசலில் எஞ்சிய ஈரத்திலும் பனியிலும் விளையக்கூடிய கொண்டைக்கடலையும் கொத்தமல்லியும் இருக்கின்றன. அவை மக்காச்சோளத்தின் வரவைத் தாரா; ஆயினும் செலவும் சிறிதே. பயிர் மாறினால் கடன் அளவும் மாறும் என்பதால், விதைப்பதற்கு முன்னரே சங்கத்தில் எழுதிக்கொடுத்துப் பயிரின் பெயரைத் திருத்திக்கொள்ள வேண்டும். பயிர்க் காப்பீட்டுக்கும் அடங்கலில் உள்ள பயிரும் நிலத்தில் உள்ள பயிரும் ஒன்றாயிருத்தல் அவசியம்.