மாதிரி நெல்லும் மூட்டை நெல்லும்

நெல் வியாபாரம் நடக்கும் விதத்தைக் காவேரிக் கரையில் வாழ்வோருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வியாபாரியின் கைக்கு முதலில் போவது ஒரு பிடி மாதிரி. அதைப் பார்த்துத்தான் அவன் களத்துக்கு வருகிறான். வந்தபின் மூட்டையில் குத்தூசியைச் செலுத்திப் பார்க்கிறான். மாதிரி ஒன்றாகவும் மூட்டை வேறாகவும் இருந்தால் விலை பேசாமலே எழுந்து போகிறான். நாடகத்திலும் சினிமாவிலும் வேலை தேடும் நடிகன் சென்னைக்கு அனுப்பும் முகப்படமும் இத்தகைய மாதிரியே. அற்ப விஷயமென்று தோன்றும் இந்தப் படத்தின் பேரால் நம் வாலிபர்கள் பணத்தையும் தன்மதிப்பையும் ஒருங்கே இழக்கிறார்கள். ஆதலால் இதைப் பற்றி எழுதுவது நமது கடமையாகிறது.

முன்னாளில் நடிகனுக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஏற்படுத்திய காலத்தில், பையனின் குரலும் முகமும் நேரிலேயே பரீட்சிக்கப்பட்டன. சோறும் சிட்சையும் கம்பெனியின் பொறுப்பு. விளம்பரமும் அதன் பொறுப்பே. அந்தக் கம்பெனிகள் மறைந்துவிட்டன. இன்றைய நடிகன் தனி மனிதன். அவனே அவனுக்குக் காரியஸ்தன். படம் பிடிப்போரோ செல்பேசியில் வந்து குவியும் நூற்றுக்கணக்கான முகங்களைக் கண்மூடித் திறப்பதற்குள் தள்ளிக்கொண்டே போகிறார்கள். அந்தக் கணநேரப் பார்வைக்காக நம்மவர் செய்யும் காரியம் என்ன? தம் முகத்தை அழித்து வேறொருவர் முகத்தை அனுப்புகிறார்கள்! கன்னத்தின் தழும்பு மறைகிறது, மூக்கு கூர்மையாகிறது, வயல் வெயிலில் பழுத்த மேனி சுண்ணாம்பாக வெளுக்கிறது.

வெளுத்த முகத்துக்கே வாழ்வு என்று இவர்களுக்குச் சொன்னவர் யார்? தஞ்சையை அடுத்த சூரக்கோட்டையைப் பூர்விகமாகக் கொண்ட சிவாஜி கணேசன் 'பராசக்தி'யில் நடிக்க வந்தபோது, ஆள் மெலிந்திருக்கிறார், வேறு நடிகரைப் போடலாம் என்ற ஆட்சேபம் எழுந்தது. தயாரிப்பாளர் பி. ஏ. பெருமாள் அசையவில்லை. உடம்பு தேறிய பிறகு சில காட்சிகள் மறுபடியும் எடுக்கப்பட்டன. முகமோ அதே முகந்தான். 1952 அக்டோபர் 17-ந் தேதி படம் வெளியான பின் நடந்ததைத் தமிழ்நாடு அறியும்.

அண்மைக் காலத்திலும் சான்று உண்டு. பழைய தஞ்சை ஜில்லாவின் புஞ்சை கிராமத்தில் பிறந்த ந. முத்துசாமி 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறையை நிறுவினார். அங்கே கணக்கராக வேலை பார்த்த விஜய் சேதுபதியின் முகம் புகைப்படத்துக்கு மிகவும் ஏற்றது என்று பாலு மகேந்திரா சொன்னார். அச்சொல்லே நடிப்பில் தமக்கு ஊக்கமளித்ததாக அவர் கூறியிருக்கிறார். சொன்னவர் சாமானியரல்லர், ஒளியையே தொழிலாகக் கொண்ட ஒளிப்பதிவாளர். அவர் மெச்சியது பூசி மெழுகிய முகத்தையா? நம் தெருக்களில் நாள்தோறும் காணும் மாநிறத் தமிழ் முகத்தையன்றோ!

'எங்கள் முகம் படத்தில் கறுத்து விழுகிறதே' என்பார்கள். விழுவது உண்மை, ஆனால் குற்றம் நிறத்தில் இல்லை. ஆரம்ப காலத்துப் பிலிம் சிவப்பை உணராதது. அதனால் பழுப்பு மேனி உள்ளதைவிடக் கறுப்பாகப் பதிந்தது. நடிகர்கள் அரிதாரத்தை அப்பிக்கொள்ள நேர்ந்தது. எல்லா நிறங்களையும் உணரும் பிலிம் 1920-களில் பரவியதும் அந்தக் குறை நீங்கிற்று. இன்றைய காமிராவிலுள்ள ஒளி அளவைக்கு வேறொரு குணம் உண்டு. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெள்ளைச் சுவருக்கு முன் மாநிறத்தானை நிறுத்தினால், சுவரின் வெளிச்சத்தைக் கண்டு காமிரா ஒளியைக் குறைத்துக்கொள்கிறது. முகம் இருளில் மூழ்குகிறது. பிறகு கம்ப்யூட்டரில் அதை வெளுக்கிறார்கள். அளவையை முகத்துக்கு வைத்தால் இந்த வைத்தியம் எதற்கு?

நல்ல படத்துக்கு வேண்டியவை நம் வீட்டிலேயே இருக்கின்றன. காலையிலோ மாலையிலோ திண்ணை நிழலில், வெளிச்சம் வரும் திசையை நோக்கி நடிகன் உட்காரட்டும். பின்புறம் சாம்பலோ மங்கிய காவியோ ஆன வெறுஞ்சுவர் போதும். மடித்த வெள்ளை வேட்டியை மார்புக்குக் கீழே ஒருவர் பிடித்தால், கண் குழியிலும் மோவாயின் கீழும் உள்ள நிழல் இளகும். காமிரா கண்மட்டத்தில் இருக்க வேண்டும். ஆறடியாவது தள்ளி நின்று, லென்ஸைக் கொண்டு முகத்தை அருகே இழுக்க வேண்டும். கிட்டே நெருங்கி எடுத்தால் மூக்கு பருத்துக் காது ஒடுங்கும். கூர்மை கண்ணில் விழட்டும். பூப்போட்ட சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் வேண்டாம். அமைதியாக ஒன்று, சிரிப்புடன் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழு உருவம் ஒன்று: இந்த நான்கு போதும். மீசையை எடுத்தாலோ உடம்பு இளைத்தாலோ புதுப் படம் எடுத்துவிட வேண்டும்.

போட்டோக்காரரின் பிழைப்பைக் கெடுக்கவா இதைச் சொல்கிறோம்? இல்லை. முகத்தில் ஒளி விழும் நேரத்துக்குப் பொறுமையுடன் காத்திருக்கும் நல்ல கலைஞருக்குக் கூலி கொடுப்பது நியாயம். ஆனால், 'எங்களிடம் ஆல்பம் எடுத்தால்தான் வேஷம்' என்று பணம் கேட்கும் தரகன் வேஷம் கொடுப்பவனல்லன், படம் விற்பவன். வேலை கொடுப்பவன் நடிகனுக்குப் பணம் கொடுப்பானேயன்றி நடிகனிடம் வாங்கமாட்டான். இந்த ஒரு விதியை மனத்தில் பதித்துக்கொண்டால் அடகுக்கடைக்குப் போகும் நகைகள் பல வீட்டிலேயே தங்கும்.

தஞ்சையில் 1981-ல் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகம் நாடகத்தை ஒரு கல்வியாகவே ஏற்றது. மெலட்டூரில் பாகவத மேளா இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. நடிப்பு இம்மண்ணுக்கு இரவல் சரக்கல்ல. ஆகவே ஊர்தோறுமுள்ள நாடக மன்றங்களும் வாசகசாலைகளும் ஆண்டுக்கொரு நாள் காமிரா தெரிந்தவர்களைக் கூட்டி, உள்ளூர் நடிகர்களுக்கு நேர்மையான படங்களை இலவசமாக எடுத்துக் கொடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். பெரிய மூலதனம் வேண்டாம்; ஒரு திண்ணையும் ஒரு வேட்டியும் போதும். நடிகர்களுக்கு நாம் சொல்வதும் இதுவே: கதவைத் திறந்து உள்ளே நுழையப்போகிற முகம் எதுவோ, அதையே முன்கூட்டி அனுப்புங்கள். உழுபவன் வேஷத்துக்கு ஆள் தேடுகிறவன் உழுபவனின் முகத்தைத்தான் தேடுவான். அதை நீங்களே அழித்துவிட்டால் அவனுக்கு யார் காட்டுவது?