தொட்டியில் நீர் குறைவதேன்? உறிஞ்சு குழாய்க் கசிவைக் கண்டறியும் முறை

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே, பாறைகள் சூழ்ந்த கடற்கரையில் அமைந்துள்ளது விழிஞ்ஞம். 1947-ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கிளையொன்று இங்கு உள்ளது. கோமாளி மீன் முதலிய அலங்கார மீன்களைத் தொட்டிகளில் இனப்பெருக்கம் செய்வித்தல் இங்கு ஆராயப்படும் பொருள்களுள் ஒன்றாகும்.

இத்தகைய வளர்ப்புப் பணியில் பல இடங்களில் ஒரே நீரைச் சுற்றிவரச் செய்வர். தொட்டியின் அடியிலிருந்து உறிஞ்சு குழாய் வழியாக நீர் பம்பை அடைகிறது. வடிகட்டியைக் கடந்து, வெளியேற்று குழாய் வழியாக மீண்டும் தொட்டிக்குத் திரும்புகிறது. நீச்சல் குளத்தின் அமைப்பும் இதுவே. இவ்வகைத் தொட்டியில் நீர்மட்டம் நாள்தோறும் தாழ்ந்துவரின், உடனே தரையைத் தோண்ட முற்படுதல் வீண் செலவாகும். எளிய சில அளவைகளைக் கொண்டே பழுது எப்பகுதியில் உள்ளதென அறியலாம்.

ஒரே துளை, இருவகைச் செயல்

பம்பு நின்றிருக்கையில், தொட்டி நீரின் எடை உறிஞ்சு குழாயை உள்ளிருந்து அழுத்துகிறது. குழாயில் துளையிருப்பின் நீர் வெளியே கசியும். பம்பு ஓடுகையிலோ, குழாயினுள் அழுத்தம் குறைகிறது. அது வெளிக்காற்றின் அழுத்தத்தினும் தாழ்ந்துவிடின், அதே துளை வழியாக நீர் வெளியேறாது, காற்று உட்புகும். ஆகவே, பம்பு ஓடும்போது ஒழுக்கு மறைந்து, நிற்கும்போது தோன்றுதல் உறிஞ்சு குழாய்க் கசிவின் தனி இயல்பாகும்.

மீன்களுக்கு நேரும் தீங்கு

உட்புகுந்த காற்று பம்பின் அழுத்தத்தில் நீரில் அளவுக்கு மிஞ்சிக் கரைகிறது. அந்நீரில் வாழும் மீனின் இரத்தத்திலும் திசுக்களிலும் வாயு குமிழிகளாகப் பிரியும். செதில்களின் இடையிலும் துடுப்புகளிலும் குமிழிகள் தோன்றும், கண்கள் பிதுங்கும், செவுள் நாளங்கள் அடைபட்டு மீன் இறக்கும். இதுவே வாயுக் குமிழி நோய். அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் மீன்வள நிலையத்துத் தொட்டிகளில் மீன்கள் இவ்வாறு மடிந்ததை மார்ஷ், கோரம் என்னும் இரு அறிஞர்கள் ஆராய்ந்தனர். கடல்நீரைக் கொணர்ந்த உறிஞ்சு குழாயில் புகுந்த காற்றே காரணமென அவர்கள் 1905-இல் வெளியிட்ட அறிக்கையில் விளக்கினர். எனவே இக்கசிவு நீர் நட்டம் மட்டுமன்று, உயிர் நட்டமுமாகும்.

முதற் சோதனை: வாளி

வெயிலாலும் காற்றாலும் ஆவியாகும் நீரை முதலில் கழித்தறிதல் வேண்டும். ஒரு வாளியில் தொட்டி நீரையே நிரப்பி, தொட்டியினுள் அது பாதி மூழ்கும்படி வைக்கவேண்டும். வாளியிலும் தொட்டியிலும் நீர்மட்டத்தைக் குறித்து, 24 மணி நேரம் கழித்து அளக்கவேண்டும். வாளியில் குறைந்தது ஆவியானது. தொட்டியில் அதற்கு மேல் குறைந்தது கசிவு. 5 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் 1 மி.மீ. குறைவு 10 லிட்டராகும். வாளியில் 5 மி.மீ., தொட்டியில் 25 மி.மீ. குறைந்ததாயின், கசிந்தது 200 லிட்டர். மழை பெய்யும் நாளில் இச்சோதனை பயன்படாது.

கடல்நீர்த் தொட்டியில் மற்றொரு சான்றும் உண்டு. ஆவியாகும் நீர் உப்பை விட்டுச் செல்லும். கசியும் நீர் உப்பையும் கொண்டுசெல்லும். குறைந்த அளவை நன்னீரால் ஈடுசெய்தபின் உப்புத்தன்மை முன்போலவே இருந்தால் நீர் ஆவியானதென்றும், படிப்படியாகக் குறைந்தால் கசிந்ததென்றும் கொள்ளலாம்.

இரண்டாம் சோதனை: பம்பை நிறுத்தியும் ஓட்டியும்

வாளிச் சோதனையை ஒருநாள் பம்பை ஓட்டியும், மறுநாள் நிறுத்தியும் செய்தல் வேண்டும். அதற்கு முன் மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுதல் அவசியம்.

பம்பு நிற்கையில் கசிவு மிகுதியாயின், பழுது உறிஞ்சு குழாயில்.
பம்பு ஓடுகையில் மிகுதியாயின், வெளியேற்று குழாயில்.
இருநாளும் ஒத்திருப்பின், பெரும்பாலும் தொட்டியின் சுவரிலோ தளத்திலோ.

பம்பு ஓடுகையில், திரும்பிவரும் நீரில் ஓயாது குமிழிகள் வருதலும், அழுத்தமானியின் முள் நடுங்குதலும் காற்று புகுவதற்கு அடையாளங்கள். ஆயினும் குமிழிகள் இல்லாமையால் குழாய் பழுதற்றதெனத் துணிதல் ஆகாது. ஆழத்தில் பதிந்த குழாயில், பம்பு ஓடுகையிலும் உள்ளழுத்தம் மிகுந்திருப்பின் நீரே வெளியேறும்.

இடத்தை வரையறுத்தல்

பம்பு நிற்கையில், உறிஞ்சு குழாயின் வாயருகே சிறிது சாயநீரை மெல்ல விடவேண்டும். அது குழாயினுள் இழுக்கப்படின் அப்பால் கசிவு உண்டு. பின்னர்க் குழாயின் இரு முனைகளையும் அடைத்து, நீர் நிரப்பி, குறைந்த அழுத்தம் கொடுத்து, அழுத்தமானியைக் கவனித்தல் வேண்டும். அழுத்தம் இறங்கினால் கசிவு உறுதி. அதன்பின் இணைப்புகள் உள்ள இடங்களை மட்டும் தோண்டினால் போதும்.

வெளியே தெரியும் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பது வழக்கம். உறிஞ்சு குழாயில் இது கூடாது. சோப்பு உள்ளிழுக்கப்பட்டு மீன் குஞ்சுகளுக்கு நஞ்சாகும். நல்ல நீரை இணைப்பின்மேல் ஊற்றுக. அப்போது குமிழிகள் நின்றால் துளை அங்கேயே உள்ளது.

பழுது நீக்கியபின் வாளிச் சோதனையை மீண்டும் செய்தல் வேண்டும். பம்பைத் தொட்டி நீர்மட்டத்திற்குக் கீழே அமைத்தலும், உறிஞ்சு குழாயைக் குறுகியதாக வைத்தலும் காற்று புகுவதைத் தடுக்கும். திரும்பும் நீரைத் துளைத்தட்டின் வழியே சிதறி விழச் செய்தால், மிகுதியாகக் கரைந்த வாயு வெளியேறும்.

வகுப்பறையில்

பப்பாளி இலைக் காம்பொன்றின் நடுவே ஊசியால் துளையிட்டு, துளை நீர்மட்டத்திற்கு மேலிருக்குமாறு நீரை உறிஞ்சினால், நீரோடு காற்றும் வாய்க்கு வரும். அதே காம்பின் அடிமுனையை விரலால் மூடி, நீர் நிரப்பி, மேல்முனையில் வாய் வைத்து மெல்ல ஊதினால், துளை வழியாக நீர் சொட்டும். ஒரே துளை உறிஞ்சும்போது காற்றை வாங்குவதையும், அழுத்தும்போது நீரை விடுவதையும் மாணவர் கண்ணால் காண்பர். தொட்டியடியில் மண்ணுள் மறைந்த குழாயில் நிகழ்வதும் இதுவே.