பழகியது உடம்பல்ல

பத்தாம் வகுப்பில் இயற்கைத் தேர்வு நடத்திக்கொண்டிருந்தேன். “சார், அம்மாவுக்கு உடம்பு மருந்துக்குப் பழகிப்போச்சுன்னு சொல்றாங்க. நெசமா?” என்றாள் ஒரு மாணவி. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்.

பழகுவது உடம்பு அல்ல. இந்நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் புற்றுச்செல்களின் மேற்பரப்பில் ‘ஹெர்2’ என்னும் புரதம் மிகுந்து, ‘பெருகு’ என்று ஓயாமல் ஆணையிடும். 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டிராஸ்டுசுமாப் அதைப் பற்றிக்கொண்டு ஆணையைத் தடுக்கும். ஆனால் கட்டியின் கோடிக்கணக்கான செல்கள் ஒரே வார்ப்பு அல்ல. தற்செயல் மாற்றத்தால் சிலவற்றில் மருந்து பற்றும் வெளிப்பகுதியே இருக்காது; சிலவற்றில் உள்ளிருக்கும் வேறொரு புரதம் தானாக ஆணையிடும். மற்றவை மடிய, இவை பெருகும். மருந்துக்குத் தப்பிய புகையான் மறுபடி பெருகுவதைச் சோழவந்தான் வயல்களில் பார்த்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று விளங்கியது.

ஆகவே மருத்துவர்கள் தாக்கும் இடத்தை மாற்றுகிறார்கள். லபாட்டினிப் செல்லுக்குள் நுழைந்து புரதத்தின் உட்பகுதியை அடைக்கும். பெர்டுசுமாப் அதே புரதத்தை வேறிடத்தில் பற்றும். முதல் மருந்தோடு சேர்த்தே தருவார்கள். டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டீகனோ செல்கொல்லி மருந்தைச் சுமந்துபோய் உள்ளே இறக்கும்.

“அப்ப அம்மா பத்தியம் மீறினதால இல்லையா, சார்?”

“இல்லம்மா” என்றேன்.