பூட்டு இல்லாத ஆலை

அட்டாளைச்சேனையில் எங்கட வாப்பா பெருநாளைக்கு மருதமுனைச் சாரன்தான் எடுப்பார். "கைத்தறி மகன், சாயம் போகாது" என்பார்.

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதித் துணி மலிவாகக் குவிந்தது. ஆலைக்கும் தறிக்கும் ஒரே அடிதான். கேகாலை மாவட்டத்துத் துல்ஹிரிய அரசு நெசவாலை தனியாரிடம் கைமாறி, பிறகு மூடப்பட்டது. ஆனாலும் காணியும் கட்டிடமும் மிஞ்சின. அந்த வளவு இன்று ஆடைத் தொழிற்பூங்கா.

மருதமுனையில் பூட்டுவதற்குக் கேட்டே இல்லை. தறி வீட்டுக்குள் இருந்தது. வீடு வீடாகச் சத்தம் அடங்கியது. 2004 டிசம்பர் 26இல் கடலும் வந்து அடித்தது. இன்று ஓடுபவை கொஞ்சத் தறிகள்தான்.

ஆலை நின்றால் கட்டிடம் சாட்சி சொல்லும். தறி நின்றால் நெய்தவரின் கைப்பழக்கம் மட்டுமே சாட்சி. பாவோடத் தெரிந்த மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்போம்.