சட்டத் துணைத் தொண்டு

நோய்க்கு மருந்து உண்டென அறிந்தும் மருத்துவன் இருக்கும் ஊரை அறியாதவன் நோயாலேயே மெலிவான். அங்ஙனமே, தனக்கோர் உரிமை உண்டென்று சட்டம் கூறினும், அதனை எவரிடம் சென்று எவ்வாறு கேட்பதென்று அறியாதவனுக்கு அவ்வுரிமை ஏட்டளவில் நிற்பதேயாம். நீதிமன்றத்திற்கும் எளியோர் வீட்டு வாயிலுக்கும் இடையேயுள்ள தொலைவைக் குறைப்பவர் எவரோ அவரையே சட்டத் துணைவர் என்கின்றோம். அவர்க்குரிய பணியும் பயிற்சியும் எல்லையும் இவையென நம் கல்லூரி மாணவர்க்கு விளக்குதலே யாம் ஈண்டு மேற்கொண்ட நோக்கம்.

அமெரிக்கா முதலிய நாடுகளில் சட்டத் துணைவர் என்பார் வழக்கறிஞரின் அலுவலகத்தில் ஊதியம் பெற்று, ஆவணங்களை ஆராய்ந்தும் வரைந்தும் உதவுபவர். நம் நாட்டில் அவரை ஒருவாறு ஒத்தவர் வக்கீல் குமாஸ்தாவே. எனினும், ஊராரிடையே இருந்து பணிபுரியும் மற்றொரு வகையினரும் இங்கு உளர். ஏழைகட்கு இலவசச் சட்ட உதவி அளித்தல் அரசின் கடமை என்பது 1976-இல் நம் அரசியலமைப்பில் 39-அ என்னும் உறுப்பாகச் சேர்க்கப்பெற்றது. அதனை நடைமுறைப்படுத்தச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-இல் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்வழி அமைந்த தேசிய ஆணைக்குழு 2009-இல் வகுத்த திட்டமே சட்டத் தன்னார்வத் தொண்டர்களை உண்டாக்கிற்று.

இத்தொண்டின் தேவையை உணர, தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையை நோக்குவோமாக. அரூரை அடுத்து எழும் இம்மலையில் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி என்னும் பழங்குடியினர். அம்மலையடியில் உள்ள ஊர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20-இல், சந்தனக்கட்டை தேடுவதாகக் கூறி, வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகியவற்றைச் சேர்ந்தோர் அவ்வூருள் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, ஊரார் பலர் சிறையில் அடைக்கப்பட்டனர், பதினெட்டுப் பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். காக்கவேண்டியவரே தீங்கிழைத்தபின் முறையிடுவது யாரிடம்? மலைவாழ் மக்கள் சங்கத்தார் ஊரை நேரிற் கண்டு, நடந்ததை வெளியுலகிற்கு அறிவித்து, வழக்கினை நீதிமன்றத்திற்குக் கொண்டுசென்றனர். 1995-இல் உயர்நீதிமன்ற ஆணையால் விசாரணை மத்தியப் புலனாய்வுத் துறையின் கைக்கு மாறிற்று. குற்றஞ்சாட்டப்பெற்றோர் 269 பேர். அவருள் 54 பேர் வழக்கு முடியுமுன்னரே இறந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே என 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29-இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்து, அப்பெண்கள் ஒவ்வொருவருக்கும் பத்து இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கப் பணித்தது.

முப்பத்தோராண்டுகள்! கொடுமை நேர்ந்த காலத்தில் 1987-ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டில் இருந்ததேயன்றி நடைமுறைக்கு வந்திலது. அன்று ஒரு தொண்டர் அவ்வூரில் இருந்திருப்பின் தீங்கே நேர்ந்திராது என்று யாம் கூறோம். ஆனால், நேர்ந்ததை நேர்ந்தவாறே அன்றே எழுதி, உரிய இடத்திற் சேர்ப்பிக்க அறிந்த ஒருவர் ஊரிலேயே இருத்தல் எத்துணைப் பெரிய துணை என்பதை இவ்வழக்கு நமக்குக் காட்டுகின்றது.

இனி, பயிற்சியைக் கூறுவோம். பத்தாம் வகுப்பளவு கல்வியும் ஏழைகள்பால் இரக்கமும் உடையோர் இதற்குத் தக்கவர். ஆசிரியர், ஓய்வு பெற்றோர், அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் குழுவினர், சட்டக் கல்லூரி மாணவர் ஆகியோர் சேரலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இவர்களைத் தெரிந்தெடுத்துப் பயிற்றுகின்றது. அரசியலமைப்பின் அடிப்படை, குடும்பச் சட்டம், தொழிலாளர் உரிமை, கைதானோர் உரிமை முதலியன கற்பிக்கப்படும். இது மாதச் சம்பளம் தரும் உத்தியோகம் அன்று. பணிசெய்யும் நாட்களுக்கு மதிப்பூதியம் உண்டு, அவ்வளவே.

ஆயினும், பாடங்களினும் தலையாயது மனு எழுதும் பழக்கம். யார், எங்கே, என்று, என்ன நேர்ந்தது, என்ன வேண்டுகின்றார் என்னும் ஐந்தும் மனுவில் தெளிவாக விளங்கவேண்டும். முறையிடுவோர் சொல்லாததைச் சேர்த்தல் ஆகாது. எழுதியதை அவர்க்குப் படித்துக் காட்டிய பின்னரே கையொப்பமோ பெருவிரல் ரேகையோ பெறுதல் வேண்டும். ஒரு படியை வைத்துக்கொள்வதும், கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்குவதும் மறத்தற்கில்லை.

குற்றம் பற்றிய புகாராயின், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, குற்றம் எவ்வூரில் நேர்ந்ததாயினும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம். பதிந்த தகவலின் படியை இலவசமாகப் பெறுதல் புகார் தந்தவரின் உரிமை. நிலைய அதிகாரி பதிய மறுப்பின், அதனை எழுத்தில் மாவட்டக் கண்காணிப்பாளர்க்கு அஞ்சலில் அனுப்பலாம். அங்கும் பயன் விளையாதாயின் நீதித்துறை நடுவரை நாடலாம்.

மலைவாழ் மக்கட்கு இன்றியமையாத மற்றொன்று 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13-க்கு முன்னிருந்தே வனநிலத்தை அனுபவித்துவரும் பழங்குடியினர் நான்கு ஹெக்டேருக்கு மேற்படாமல் உரிமை கோரலாம். கோரிக்கை முதலில் செல்ல வேண்டுவது கிராம சபைக்கே. பத்திரம் இல்லையே என்று அஞ்சவேண்டுவதில்லை. ஊர்ப் பெரியோர் கூறுவதை எழுத்தில் வடித்துத் தருவதும் சான்றுகளுள் ஒன்றாக ஏற்கப்படும். பாட்டன் உழுத கொல்லையைப் பற்றி ஒரு கிழவர் சொல்லும் சொற்களைப் பிழையின்றி எழுதிவைக்கும் எழுதுகோல் ஒரு குடும்பத்தின் நிலத்தைக் காக்கவல்லது என்பதை மாணவர் எண்ணிப் பார்ப்பாராக.

எல்லையும் அறிதல் வேண்டும். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின்படி, பதிவுபெற்ற வழக்கறிஞரே வழக்காடுதற்கு உரியவர். துணைவர் வாதாடலாகாது, தொண்டு பெறுவோரிடம் கட்டணம் வாங்கலாகாது, கேட்ட மறைகளை வெளியிடலாகாது. வழக்காட வேண்டிய நிலை வருமாயின், முறையிடுவோரை வட்டச் சட்டப் பணிகள் குழுவிற்கு அழைத்துச் செல்லல் அவர் கடன். பெண்களும் சிறுவரும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் காவலில் உள்ளோரும் வருமான வரம்பின்றி அங்கே இலவச வழக்கறிஞரைப் பெறலாம். இருதரப்பாரும் இசைந்தால் மக்கள் நீதிமன்றத்தில் செலவின்றி முடித்துக்கொள்ளலாம். அங்கு ஆகும் முடிவிற்கு மேல்முறையீடு இல்லை என்பதை முன்னரே உணர்த்திவிடல் நன்று.

மாணவ நண்பர்காள்! நம்முள் பலர் சிற்றூர்களினின்று வந்தவர். விடுமுறைக்கு ஊர் திரும்புங்கால், மனு ஒன்று எழுதத் தெரியாது திண்ணையில் வருந்தியிருக்கும் ஒருவரையேனும் காணாதிரோம். அவர் கூறுவதைப் பொறுமையோடு கேட்டு, உண்மை திரியாது எழுதித் தருவோமாயின், நாம் கற்ற எழுத்து பிறர்க்கும் பயன்பட்டதாகும்.